வேலை முதலில், பிணம் பிறகு

அத்தியாயம் 6: பழைய பினாங்கில் ஒரு பெண்ணைத் துப்பறிய விடுவது

வரலாற்று மர்ம நாவல் எழுத உட்காருகிறவர்களில் பலர் பிணத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். செத்தது யார், கத்தியா விஷமா, கடைசியாகப் பார்த்தது யார் என்று நோட்டு நிரம்பிவிடுகிறது. துப்பறிகிறவர் ஆணாக இருந்தால் இப்படித் தொடங்கினாலும் கதை ஓடிவிடும். அவள் பெண்ணாகவும், ஊர் நூறு வருடத்துக்கு முந்தைய பினாங்காகவும் இருந்தால் ஓடாது. பத்துப் பக்கம் தாண்டுவதற்குள் வாசகர் கேட்டுவிடுவார்: விடியற்காலை நாலு மணிக்கு இந்தப் பெண்ணுக்கு பீச் தெருவில் என்ன வேலை? முன்பின் தெரியாத வீட்டு அடுப்படிவரை இவளை யார் விட்டார்கள்? இவள் கேட்டால் மற்றவர்கள் ஏன் பதில் சொல்ல வேண்டும்? இவளுக்குச் சோறு போடுவது யார்?

நாலுக்கும் சேர்த்து ஒரே பதில் சொல்ல வழி உண்டு. அவளுக்கு ஒரு வேலை கொடுங்கள்.

இந்த அத்தியாயத்தில் நான் வலியுறுத்தப்போவது இது ஒன்றைத்தான். சுதந்திரமான பெண் என்றதும் புதிதாக எழுதுகிறவர்கள் குட்டை முடி, கையில் சிகரெட், எதிரே நிற்பவரை மடக்கும் நாக்கு என்று அடுக்கிவிடுகிறார்கள். நாக்கு நீண்டால் கதவு சாத்தப்படும், அவ்வளவுதான். கையில் சொந்தக் காசு, வெளியே போக ஒரு சாக்கு, உள்ளே நுழைய ஓர் உரிமை இருந்தால் போதும். அவள் வாயே திறக்காமல்கூடத் துப்பறியலாம்.

தமிழில் இருப்பது என்ன

தமிழ்த் துப்பறியும் கதைக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது. பண்டித நடேச சாஸ்திரியின் தானவன் 1894-லேயே வந்துவிட்டார். 1908-ல் ஜே.ஆர். ரங்கராஜுவின் ‘ராஜாம்பாள்’, அதில் துப்பறியும் கோவிந்தன். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியார், தேவனின் சாம்பு, தமிழ்வாணனின் சங்கர்லால், சுஜாதாவின் கணேஷும் வசந்தும் என்று வரிசை முழுக்க ஆண்கள். சுபாவின் வைஜெயந்தியும் பட்டுக்கோட்டை பிரபாகரின் சுசீலாவும் கெட்டிக்காரிகள்தான். ஆனாலும் நரேந்திரன்–வைஜெயந்தி, பரத்–சுசீலா என்று இரண்டாவது பெயராகத்தான் இருக்கிறார்கள். வழக்கைத் தனியாகத் தோளில் சுமக்கும் பெண் நம்மிடம் அபூர்வம். பழைய காலத்தில் வைத்து எழுதப்பட்டவள் இன்னும் அபூர்வம்.

இத்தனைக்கும் தமிழர்கள் அதிகம் படித்த வரலாற்று நாவலின் நடுவிலேயே ஒரு கொலை இருக்கிறது. ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்பதைக் கல்கி கடைசிவரை மழுப்பினார். ராஜராஜன் காலத்து உடையார்குடிக் கல்வெட்டோ சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்று பெயரைச் சொல்லித் துரோகிகள் என்கிறது. ‘பொன்னியின் செல்வன்’ பாத்திரங்களில் இந்தக் கொலையைத் துப்பறியத் தகுதியானவர் யார் என்று கேட்டால் எல்லாரும் குந்தவை என்பார்கள். என் ஓட்டு பூங்குழலிக்கு. கோடிக்கரையில் தனியாகப் படகு வலிக்கிறவள். அரண்மனை உத்தரவு இல்லாமல் ஈழத்துக்குப் போய்வருகிறவள். ஆபத்தில் மாட்டியவர்கள் தாங்களாகவே அவளைத் தேடி வருகிறார்கள். கல்கி அவளுக்குப் படகைக் கொடுத்தார், வழக்கைக் கொடுக்கவில்லை. அந்த வழக்கைத்தான் நீங்கள் கொடுக்கப்போகிறீர்கள்.

எழுதும் முன் படிக்க வேண்டியவை

ஆங்கிலத்தில் இந்த வகை இப்போது பெரிய சந்தை. எல்லாவற்றையும் படிக்க வேண்டாம். படிக்கும்போது கொலைகாரன் யார் என்று தேடாமல், இவளை உள்ளே விட்டது எது என்று ஒவ்வொரு காட்சியிலும் பென்சிலால் கோடு போடுங்கள்.

முதலில் சுஜாதா மாஸி. நம் சுஜாதா வேறு, அமெரிக்காவில் வாழும் இவர் வேறு. 2018-ல் வந்த இவருடைய ‘தி விடோஸ் ஆஃப் மலபார் ஹில்’ 1921 பம்பாயில் நடக்கிறது. பெர்வீன் மிஸ்திரி பார்சிக்காரி, அப்பாவின் சட்ட அலுவலகத்தில் வேலை செய்கிறாள். செத்துப்போன முஸ்லிம் ஆலை முதலாளி ஒருவரின் மூன்று மனைவியரும் தங்கள் பங்கை விட்டுக்கொடுப்பதாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். மூவரும் கோஷா, அந்நிய ஆண் கண்ணில் படக் கூடாதவர்கள். ஆண் வக்கீல் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் தட்டிக்கு வெளியேதான் உட்கார முடியும். பெர்வீன் உள்ளே போகிறாள், மூவரையும் தனித்தனியாகப் பேசவைக்கிறாள், ஆளுக்கு ஒரு கதை வருகிறது. அந்த வீட்டில் ஒரு கொலை விழும்போது வெள்ளைக்கார போலீஸ்காரரும் அவளை நம்பித்தான் நிற்க வேண்டியிருக்கிறது.

இதைக் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. நாசிக்கில் 1866-ல் பிறந்த கொர்னீலியா சொராப்ஜி 1892-ல் ஆக்ஸ்ஃபோர்டில் சட்டத் தேர்வு எழுதினார். பட்டம் கைக்கு வர முப்பது வருடம் ஆயிற்று. 1904 முதல் வங்காள அரசின் கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் பிரிவில், கோஷா பெண்களின் சொத்துக்கு ஆலோசகராக வேலை பார்த்தார். ஜமீன் வீட்டு அந்தப்புரங்களுக்குள் போய், விஷம் வைக்கும் பயத்தில் இருந்த விதவைகளையும் வாரிசுக் குழந்தைகளையும் பார்த்து எழுதிய குறிப்புகள் அவருடைய புத்தகங்களில் இருக்கின்றன. பெர்வீனுக்குத் தாய்வீடு அவர்தான்.

அடுத்தது நமக்குப் பக்கத்து வீடு. சிங்கப்பூர் எழுத்தாளர் ஒவிடியா யூவின் ‘தி ஃப்ராங்கிபானி ட்ரீ மிஸ்டரி’ 2017-ல் வந்தது, கதை 1936-ல் நடக்கிறது. சூ லின் சீனப் பெரனாக்கன் பெண். இளம்பிள்ளை வாதத்தில் ஒரு கால் நொண்டி. கல்யாணச் சந்தையில் விலை போகாத அந்தக் கால்தான் அவளைப் படிக்கவும் வேலைக்குப் போகவும் விடுகிறது. தற்காலிக கவர்னர் வீட்டில் குழந்தை பார்த்துக்கொண்டிருந்தவள் செத்துப்போக, அதே வேலையில் சூ லின் நுழைகிறாள். வேலைக்காரப் பெண்ணுக்குக் காது இருப்பதே பெரிய வீட்டுக்காரர்களுக்கு ஞாபகம் வராது. தொடர் முழுவதும் இதுதான் அவளுடைய முதலீடு.

மலேசியாவிலேயே வேண்டுமென்றால் பார்பரா இஸ்மாயிலின் ‘ஷேடோ ப்ளே’. களம் 1970-களின் கோத்தா பாரு, துப்பறிவது சந்தையில் சோங்கெட் துணி விற்கும் மாச்சிக் மரியாம். ஈப்போவிலிருந்து வந்த போலீஸ் அதிகாரி ஒஸ்மானுக்கு கிளந்தான் மலாய் அரைகுறையாகத்தான் புரிகிறது. மரியாமுக்குப் பேரம் பேசத் தெரியும், பேரம் பேசத் தெரிந்தவளுக்குப் பொய் சொல்பவரையும் தெரியும். இவள் குடும்பஸ்தி. புருஷனை விட்டுவிட்டு வந்தால்தான் சுதந்திரம் என்று நினைப்பவர்கள் இவளையும், ஹரிணி நாகேந்திராவின் ‘தி பெங்களூர் டிடெக்டிவ்ஸ் க்ளப்’ (2022) நாவலில் டாக்டர் கணவனோடு வாழும் காவேரியையும் ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

வசீம் கானின் பெர்சிஸ் வாடியா போலீஸ் உடுப்பே போட்டவள். ஆனால் 1949-ன் கடைசி இரவில் அவளுக்கு வழக்கு கிடைப்பது யாருக்கும் அது வேண்டாததால். மெல்பர்னின் ஃபிரைனி ஃபிஷரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கெர்ரி கிரீன்வுட் 1989-ல் அவளுக்குப் பணம், பட்டம், கார் மூன்றையும் கொடுத்துவிட்டார். படிக்கச் சுகம், நமக்கு ஒப்பேறாது.

பினாங்கு மண்ணுக்கு தான் துவான் எங் எழுதிய ‘தி ஹவுஸ் ஆஃப் டோர்ஸ்’ (2023). துப்பறியும் கதை என்று சொல்ல முடியாது. ஆனால் சாமர்செட் மாம் இங்கே வந்து தங்கிய 1921, சன் யாட் சென் ஆர்மீனியன் தெருவில் புரட்சிக்குப் பணம் திரட்டிய 1910, கோலாலம்பூரில் எத்தல் ப்ரவுட்லாக் மீது கொலை வழக்கு நடந்த 1911 எல்லாம் ஒரு பெண்ணின் வாய் வழியாக வருகின்றன. தமிழ்க் காதுக்கு ப. சிங்காரம். ‘கடலுக்கு அப்பால்’, ‘புயலிலே ஒரு தோணி’ இரண்டிலும் யுத்தகாலப் பினாங்குத் தமிழர் பேசிய பேச்சு அப்படியே இருக்கிறது. பெண்கள் பேசுவது மட்டும் குறைவு. அந்தக் குறையை நீங்கள்தான் நிரப்ப வேண்டும்.

ஊரில் என்ன வேலைகள் இருந்தன

தமிழ்ப் பெண்ணைக் கதாநாயகியாக்க நினைக்கிறவர்கள் நேராக செட்டியார்கள் வட்டிக்கடை நடத்திய கிட்டங்கிக்குள் அவளைக் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். பினாங்கு தெருக் கிட்டங்கிகளில் பெட்டியடிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் ஆண்கள். வீட்டுப் பெண்கள் செட்டிநாட்டிலேயே இருந்தார்கள். கிட்டங்கிக்குள் நடந்ததை அவள் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் சமையல்காரர் வழியாகவோ, தைப்பூசத்துக்கு முதல் நாள் வெள்ளி ரதம் தண்ணிமலைக் கோயிலுக்குப் புறப்படும் கூட்டத்திலோதான். இந்தத் தடையை அழிக்காதீர்கள். தடை இருந்தால்தான் கதைக்குப் பிடிமானம்.

வக்கீல் வேண்டுமா? உண்மையிலேயே இருந்தார். பினாங்குக்காரரான லிம் பெங் ஹோங், பின்னாளில் பி.எச். ஊன் என்று அறியப்பட்டவர், 1926-ல் இங்கிலாந்தில் பாரிஸ்டர் ஆனார். மலாயாவில் தொழில் செய்த முதல் பெண் வழக்கறிஞர்களில் அவர் ஒருவர். அதற்கு முந்தைய வருடத்தில் கதை வைத்தால் பெண் வக்கீலை விட்டுவிடுங்கள்.

ஆசிரியை என்றால் லைட் ஸ்திரீட் கான்வென்ட் இருக்கிறது. 1852 முதல் அங்கே கன்னியாஸ்திரீகள் எல்லா இனத்துப் பெண் பிள்ளைகளையும் சேர்த்துப் படிக்கவைத்தார்கள். பெண் பிள்ளைகள் அம்மாவிடம் சொல்லாததை டீச்சரிடம் சொல்வார்கள். ஜப்பான்காரன் காலத்தில் அதே கட்டடத்தில் அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல் ‘கிரெனேடியர்’ மாலுமிகளை அடைத்துவைத்திருந்தார்கள். அவர்கள் சுவரில் கீறிய பெயர்கள் உண்டு. சுவரில் கீறிய பெயரைவிட நல்ல துப்பு எந்த எழுத்தாளருக்கும் இலவசமாகக் கிடைக்காது.

மருத்துவச்சி இன்னும் மேல். மலாய்க் கம்பம், சீனன் கடைவீட்டு மேல்மாடி, துரை பங்களா, தோட்டத்து லயம் எதுவானாலும் வலி கண்டுவிட்டால் கதவு திறந்தே ஆக வேண்டும். எந்த நேரத்தில் தெருவில் போனாலும் கையில் பையைப் பார்த்தவர் விலகிவிடுவார். எந்தக் குழந்தைக்கு யார் அப்பா என்பது அவளுக்குத்தான் தெரியும், பாதிக் கொலைக்கு அதுதான் காரணம். இதற்கும் ரத்தமும் சதையுமான ஒரு முன்னோடி உண்டு. மேடானில் 1899-ல் பிறந்த சிபில் கார்த்திகேசு யுரேசியப் பெண், மருத்துவச்சி, கன்டோனீஸ் சரளமாகப் பேசுவார். தமிழரான டாக்டர் கணவரோடு ஈப்போவில் கிளினிக் வைத்திருந்தார். யுத்தத்தில் பாப்பான் கிராமத்துக்குப் போய், காயம்பட்ட கொரில்லாக்களுக்கு ராத்திரியில் வைத்தியம் பார்த்தார். ‘ஜோசஃபின்’ என்று பெயர் வைத்து ஒரு வானொலிப் பெட்டியை ஒளித்துவைத்துச் செய்தி கேட்டார். 1943-ல் பிடிபட்டு, ஜப்பான் ராணுவப் போலீஸான கெம்பெத்தாயின் சித்திரவதையில் முதுகெலும்பு உடைந்தது. ஜார்ஜ் மெடல் பெற்று 1948-ல் இறந்தார். அவருடைய நினைவுக் குறிப்பு ‘நோ டிராம் ஆஃப் மெர்சி’ 1954-ல் வந்தது. மருத்துவச்சியைத் தேர்ந்தெடுப்பவர்கள் அதைப் படிக்காமல் பேனாவைத் தொடக் கூடாது.

நான் எழுதுவதாக இருந்தால் தேர்ந்தெடுப்பது இவர்கள் யாரையும் இல்லை. ஐயர் ஈத்தாம் ஆற்றங்கரையில், யார்க் ரோட்டுப் பக்கம், வண்ணான்துறையில் துணி வெளுக்கும் பெண்ணை. இன்றும் டோபி காட் என்றால் அந்த இடம்தான்.

ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். விதவை, சொந்தமாக நாற்பது வீட்டுத் துணி எடுக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். துரை பங்களாவின் பின்வாசல், ஆஸ்பத்திரி, ஓட்டல், கடைவீடு எல்லாம் அவளுடைய சுற்று. வாரம் ஒருமுறை ஊரின் அழுக்கு முழுவதும் அவள் கைக்கு வருகிறது. யார் வீட்டில் திடீரென்று ஒரு ஆளின் துணி கூடியிருக்கிறது, யாருடையது குறைந்திருக்கிறது, எந்தப் படுக்கை விரிப்பு வரவே இல்லை என்பது அவளுக்கு மனப்பாடம். எழுதப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை, வண்ணான் குறி தெரிந்தால் போதும். சேங்கொட்டைச் சாற்றைத் தொட்டுத் துணியின் மூலையில் புள்ளியும் கோடும் போட்டு, மேலே சுண்ணாம்பு தடவினால் கறுத்து நின்றுவிடும். எத்தனை வெளுப்புக்கும் போகாது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறி. இப்போது ஒரு பிணத்தின் மேல் கிடக்கும் சட்டையைப் பாருங்கள். போலீஸ்காரர் பையைத் துழாவுகிறார், கடிதம் இல்லை, ஆள் யாரென்று தெரியவில்லை. இவள் காலரைத் திருப்பிப் பார்த்தால் வீட்டு விலாசம் கிடைத்துவிடும். குறி போலியாக இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள். கோடு இழுத்த கை பழகாத கை. அதைவிட, சேங்கொட்டைச் சாறு தோலில் பட்டால் கொப்புளம் போடும். பழகியவள் குச்சியால் தொடுவாள். பழகாதவன் விரல் நுனியில் புண்ணோடு திரிவான். ஊரில் அந்த வாரம் விரலில் துணி சுற்றிக்கொண்டு திரிகிறவன் யார் என்று அவள் பார்த்தால் போதும்.

இதில் சாதி இருக்கிறது, அதை மூடி மறைத்து எழுதினால் கதை செத்துவிடும். அவளை வீட்டுக்காரி ‘ஏ’ என்றுதான் கூப்பிடுவாள், அவள் ‘அம்மா’ என்பாள். முன்வாசலில் ஏற மாட்டாள். அவள் சொல்வதைச் சாட்சியமாக யாரும் எடுக்கமாட்டார்கள். ஆனால் அவள் இருக்கும்போது யாரும் குரலைத் தாழ்த்தவும் மாட்டார்கள். பாத்திரங்கள் அவளை அந்தக் காலத்து வாயால் பேசட்டும். நீங்கள், கதை சொல்கிறவர், அப்படிப் பேசக் கூடாது. மலாய்க்காரப் பெண்கள் அவளைக் ‘காக்கா’ என்று அக்கா முறையில் கூப்பிட, நாகூர் மரைக்காயர்கள் அதே ‘காக்கா’ என்பதை அண்ணனுக்குச் சொல்ல, இந்த ஊரின் பேச்சுச் சுவை தானாக வரும்.

எந்த வருடம்

“பிரிட்டிஷ் காலத்தில்” என்று தொடங்கும் கையெழுத்துப் பிரதியை எந்தப் பதிப்பாசிரியரும் ஒதுக்கிவைத்துவிடுவார். வருடம், முடிந்தால் மாதம் வேண்டும். இந்தத் தீவில் வருடத்துக்குப் பஞ்சமில்லை.

மருது பாண்டியர் தூக்கிலிடப்பட்ட பிறகு, சின்ன மருதுவின் மகன் துரைச்சாமி உட்பட 73 பேரை 1802-ல் இங்கேதான் நாடு கடத்தினார்கள். சின்ன மருதுவிடம் ஒரு காலத்தில் வளரி வீசக் கற்ற வெள்ளைக்கார அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ், 1818-ல் பினாங்கு வந்தபோது தளர்ந்துபோன ஓர் ஆள் தன் முன்னால் வந்து நின்றதையும், அது துரைச்சாமி என்று தெரிந்ததையும் தன் நூலில் எழுதியிருக்கிறார். இது ஒரு முழு நாவலுக்கான விதை. ஆனால் அந்தக் காலத்துத் தமிழ்ப் பெண்களைப் பற்றிக் கிடைக்கும் ஆவணம் மெலிந்தது. முதல் நாவலுக்கு வேண்டாம்.

1867 ஆகஸ்ட் கலவரத்துக்கு ஆவணம் தாராளம். சீன ரகசியச் சங்கங்களில் கீ ஹின் ஒரு பக்கம், துவா பெக் கோங் ஒரு பக்கம், கூட வெள்ளைக்கொடி, சிவப்புக்கொடிச் சங்கங்கள் என்று பத்து நாள் தெருவில் அடித்துக்கொண்டார்கள். மறுவருடம் வந்த விசாரணைக் கமிஷன் அறிக்கையில் சாட்சிகள் சொன்னது பதிவாகியிருக்கிறது. அதில் யார் எந்தச் சங்கத்தில் எதற்குச் சேர்ந்தார் என்பதைப் பாருங்கள், கொலைக்கான காரணம் வரிசையாகக் கிடைக்கும்.

நம் வெளுக்கும் பெண்ணுக்கு 1914 பொருத்தம். செப்டம்பர் 22-ல் சென்னையைச் சுட்ட அதே ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன், அக்டோபர் 28 விடிகாலையில் பினாங்குத் துறைமுகத்துக்குள் வந்தது. மூன்று புகைபோக்கிக் கப்பலுக்கு நாலாவதாக ஒரு பொய்ப் புகைபோக்கி வைத்து ஆங்கிலக் கப்பல் வேஷம். நங்கூரம் போட்டுக் கிடந்த ரஷ்யக் கப்பல் ‘ஜெம்சுக்’ சில நிமிடத்தில் மூழ்கிற்று. எண்பதுக்கு மேற்பட்ட மாலுமிகள் செத்தார்கள். அதன் கேப்டன் அப்போது கப்பலில் இல்லை, கரையில் இருந்தார். வெளியே போகும்போது எம்டன் பிரெஞ்சுக் கப்பல் ‘மூஸ்கே’யையும் முடித்துவிட்டுப் போனது. வெஸ்டர்ன் ரோடு கல்லறையில் ரஷ்ய மாலுமிகளுக்கு நினைவுச் சின்னம் உண்டு. கரையில் ஒதுங்கிய உடல்களை எண்ணும்போது ஒன்று கூடுதலாக இருந்தால்? அவன் போட்டிருக்கும் மாலுமிச் சட்டையில் ஓர் உள்ளூர் வண்ணான் குறி இருந்தால்? ஒரு எச்சரிக்கை: உண்மைக் கேப்டனையோ வேறு உண்மை ஆளையோ கொலைகாரனாக்காதீர்கள். அவர்கள் தூரத்தில் நடமாடட்டும், குற்றம் உங்கள் கற்பனைப் பாத்திரத்தின் தலையில் விழட்டும்.

மருத்துவச்சிக்கு 1941 டிசம்பர். 11-ம் தேதி ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டபோது சனங்கள் கடைவீட்டு ஐந்தடி நடைபாதையில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். நூற்றுக்கணக்கில் செத்தார்கள். அடுத்த சில நாளில் வெள்ளைக்காரர்கள் சத்தமில்லாமல் தங்கள் பெண்டு பிள்ளைகளை ஏற்றி அனுப்பிவிட்டு, 16-ம் தேதி ராத்திரியோடு தாங்களும் போய்விட்டார்கள். நம் ஆட்களுக்கு ஒரு வார்த்தை இல்லை. கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்த யூனியன் ஜாக்கை இறக்கி, ஒரு குழுவைச் சேர்த்துக்கொண்டு ஊரைப் பார்த்துக்கொண்டவர் ‘ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ’ ஆசிரியர் எம். சரவணமுத்து, யாழ்ப்பாணத் தமிழர். 19-ம் தேதி ஜப்பான்காரன் வந்துவிட்டான்.

நடுவில் இருந்த அந்த நாட்களைப் பாருங்கள். கவர்ன்மெண்ட் இல்லை, கோர்ட் இல்லை, பெரிய துரை இல்லை. தெரு முழுக்கப் பிணம், எல்லாம் குண்டில் செத்தது என்றே கணக்கு. அந்தக் குவியலில் ஒரு உடம்பில் மட்டும் காயம் வேறு மாதிரி இருப்பதை, ஆயிரம் உடம்பு பார்த்த மருத்துவச்சி கண்டுபிடிக்கிறாள். போய்ச் சொல்ல ஆள் இல்லை. ஜப்பான்காரன் வருவதற்குள் முடித்தாக வேண்டும். தனியாகத் துப்பறியும் பெண்ணுக்கு இதைவிட நியாயமான சூழ்நிலையை இந்த ஊர் வரலாற்றில் நான் பார்க்கவில்லை. அந்த நாட்களை உள்ளிருந்து தெரிந்துகொள்ள சரவணமுத்துவின் ‘தி சாரா சாகா’ உதவும்.

கண்டுபிடித்த பிறகு

புது எழுத்தாளர்கள் தடுக்கி விழும் இடம் கடைசி நாற்பது பக்கம். அவள் கண்டுபிடித்துவிட்டாள், சரி. பிடித்துக்கொடுப்பது யார்? மலாயாவில் பெண்களைப் போலீஸ் இன்ஸ்பெக்டர்களாக எடுத்தது 1955-ல்தான். அதற்கு முன் எந்த வருடமானாலும் விலங்கு இன்னொருவர் கையில் இருக்கும். அதனால் கதையின் முதல் மூன்றில் ஒரு பங்குக்குள்ளேயே அந்த இன்னொருவரை அறிமுகப்படுத்திவிட வேண்டும். கோர்ட்டு மொழிபெயர்ப்பாளர், பத்திரிகைக் கிராணி, ஆஸ்பத்திரி டிரஸ்ஸர், பிணப் பரிசோதனைக்கு வந்த டாக்டர் யாராகவும் இருக்கலாம். அவர் நல்லவராக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. அவளிடம் கடன்பட்டவராக இருந்தால் இன்னும் நல்லது. வெளுக்கும் பெண்ணுக்கு ஆறு மாதக் கூலி பாக்கி வைத்திருக்கும் போலீஸ் கிராணியை யோசித்துப் பாருங்கள்.

அவரைக் காதலனாக்காதீர்கள். எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள்.

சறுக்கும் இடங்கள்

அபினி வாங்குவதை ஒளிவுமறைவுக் குற்றமாக எழுதிவிடுவார்கள். 1914-ல் அது அரசாங்க வியாபாரம். 1910 முதல் அரசாங்கமே நேரடியாக விற்றது, அதற்கு முன் குத்தகைக்கு விட்டது. அபினிக் கடைக்குள் போகிறவனை மிரட்டிப் பணம் பறிக்க முடியாது. அவன் வேறு எதற்காக அங்கே போனான் என்று வேண்டுமானால் மிரட்டலாம்.

திரிஷாவில் ஏற்றாதீர்கள், 1914-ல் ஆள் இழுக்கும் ரிக்‌ஷாதான். மின்சார டிராம் 1906-லேயே வந்துவிட்டது, ஐயர் ஈத்தாம் பக்கம் போகத் தாராளமாக எழுதலாம். கொடிமலை ரயில் 1923-ல்தான். மணிக்கூண்டு 1902-ல் முடிந்தது. சம்பளத்தை வெள்ளியில் சொல்லுங்கள், ரூபாயில் வேண்டாம். பழைய ‘ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ’, ‘பினாங் கெசட்’ பக்கங்களைச் சிங்கப்பூர் தேசிய நூலகம் இணையத்தில் போட்டிருக்கிறது. செய்தியைவிட விளம்பரங்களைப் படியுங்கள். சோப்பு என்ன விலை, எந்தக் கப்பல் எந்தக் கிழமை நாகப்பட்டினம் போகிறது என்பதெல்லாம் அங்கேதான் கிடைக்கும். சம்பவ இடத்துக்கும் அவள் வீட்டுக்கும் இடையே உள்ள தூரத்தை ஒருமுறை காலால் நடந்து பார்த்துவிடுங்கள். ஜார்ஜ்டவுன் தெருக்கள் பெரும்பாலும் அப்படியே இருப்பதால், வண்ணான்துறையிலிருந்து துறைமுகம்வரை தலையில் மூட்டையோடு ஒரு பெண் போக எவ்வளவு நேரமாகும் என்று நீங்களே தெரிந்துகொள்ளலாம். பல கையெழுத்துப் பிரதிகளில் கதாநாயகி பத்து நிமிடத்தில் போய்விடுகிறாள்.

இன்றே செய்ய வேண்டியது: ஒரு தாளில் அவள் வேலை, வருடம், அவளுக்குத் திறக்கும் ஐந்து கதவுகள், திறக்காத ஐந்து கதவுகள் எழுதுங்கள். கொலை நடப்பது திறக்காத கதவுகளில் ஒன்றுக்குப் பின்னால் இருக்கட்டும். முதல் மூன்று அத்தியாயம் முடிந்ததும், பினாங்கிலேயே பிறந்து வளர்ந்த எழுபது வயதுக்கு மேற்பட்ட ஒரு அம்மாவிடம் உரக்க வாசித்துக் காட்டுங்கள். அவர் எந்த இடத்தில் “எங்க காலத்துல அந்த வழியா பொம்பள போகமாட்டா” என்கிறாரோ அங்கே நிறுத்தித் திருத்தி எழுதிவிட்டு, அதன் பிறகு நாலாவது அத்தியாயத்துக்குப் போங்கள்.